பால்மரம் சொல்லும் பயிற்சிப் பாடம்



கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் ஒரு முதிய ரப்பர் மரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூர் வழியாக இங்கே வந்து நடப்பட்ட முதல் கன்றுகளில் ஒன்று என்று அதைக் காட்டுவார்கள். நம் தாத்தா பாட்டிகளைத் தோட்டப்புறங்களுக்கு அழைத்து வந்த தொழில், இப்படிப்பட்ட சில கன்றுகளிலிருந்துதான் வளர்ந்தது.

இந்த மரத்துக்கும் துடுப்பு இயந்திரப் போட்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? கடுமையாக உழைத்த பிறகு எவ்வளவு ஓய்வு வேண்டும் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. அந்தக் கேள்விக்குத் தவறான விடை சொன்ன ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் நான்தான்.

நடந்தது என்ன?

பள்ளிகளுக்கு இடையிலான ஓர் உள்ளரங்கத் துடுப்புப் போட்டிக்கு எங்கள் மாணவன் ஒருவன் தயாராகிக் கொண்டிருந்தான். படிவம் 4 மாணவன். தூரம் 2000 மீட்டர். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது 7 நிமிடம் 52 வினாடியில் முடித்தான். எனக்கு ஒரே மகிழ்ச்சி. "இன்னும் பத்து நாள் இருக்கிறதே, தினமும் 500 மீட்டர் எட்டுச் சுற்று போடு" என்றேன். அவனும் ஒரு நாள் விடாமல் போட்டான்.

போட்டி நாளில் அவன் எடுத்த நேரம் 8 நிமிடம் 6 வினாடி. இயந்திரத்திலிருந்து இறங்கியவன், "சார், நான் சோம்பேறித்தனம் பண்ணலையே" என்றான். உண்மைதான். அவன் உழைப்பில் குறை இல்லை, என் கணக்கில்தான் குறை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். இருபது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். "நேத்து வெட்டுன மரத்தை இன்னிக்கும் வெட்டுனா மங்குல தண்ணியாத்தான் விழும். அதுக்கும் ஒரு நாள் விடணும்" என்றார். அறிவியல் ஆசிரியரான எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

மரம் எப்படி மீள்கிறது?

பட்டையை உளியால் சீவும்போது பால்குழாய்கள் திறக்கின்றன, பால் வடிகிறது. வடிந்த பாலுக்கு ஈடாக மரம் புதிய பாலை உருவாக்க வேண்டும். அதற்குச் சர்க்கரையும் நீரும் நேரமும் தேவை. அதனால்தான் பல தோட்டங்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் அல்லது மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு மரத்தை வெட்டும் வழக்கம் இருக்கிறது. இடைவெளி தராமல் வெட்டினால் பாலில் ரப்பரின் அளவு குறைகிறது. அளவு மீறினால் வெட்டுப்பட்டை வறண்டு, பால் வருவதே நின்றுவிடுகிறது.

தசையும் ஏறத்தாழ இப்படித்தான். பயிற்சி என்பது வெட்டு, வலிமை என்பது மறுபடி ஊறும் பால். வெட்டாமல் விட்டாலும் பயன் இல்லை, ஊற விடாமல் வெட்டினாலும் பயன் இல்லை.

இயந்திரம் எதை அளக்கிறது?

இன்று போட்டிகளில் பரவலாகப் பயன்படும் துடுப்பு இயந்திரத்தின் முன்னோடியை அமெரிக்காவில் டிக், பீட்டர் டிரைசிகாக்கர் என்ற சகோதரர்கள் 1981-இல் உருவாக்கினார்கள். முதல் இயந்திரத்தில் சுழன்றது ஒரு சைக்கிள் சக்கரம். இன்றும் அடிப்படை அதேதான். கைப்பிடியை இழுத்தால் விசிறிச் சக்கரம் சுழலும், காற்று அதைத் தடுக்கும். சக்கரம் எவ்வளவு வேகமெடுக்கிறது, எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்பதைப் பார்த்துத் திரையிலுள்ள சிறு கணினி உங்கள் ஆற்றலைக் கணக்கிடும்.

அதன் சூத்திரம் எளிது. ஒரு மீட்டருக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை மும்மடிப் பெருக்கம் செய்து, 2.80-ஐ அதனால் வகுத்தால் வாட் அளவு கிடைக்கும். 2000 மீட்டரை 8 நிமிடத்தில் முடிப்பவருக்கு ஒரு மீட்டருக்கு 0.24 வினாடி. அவருடைய ஆற்றல் ஏறத்தாழ 203 வாட். அவரே ஆர்வத்தில் முதல் 500 மீட்டரை 2 நிமிடத்துக்குப் பதிலாக 1 நிமிடம் 50 வினாடியில் ஓட்டினால் 263 வாட் தேவை. வேகம் 9 விழுக்காடு கூடுவதற்கு ஆற்றல் 30 விழுக்காடு கூட வேண்டியிருக்கிறது!

களைத்த உடம்பால் இந்தக் கூடுதலைத் தர முடியாது. என் மாணவன் தோற்ற இடமும் அதுதான்.

தசைக்கு ஆற்றல் வரும் மூன்று வழிகள்

உயிரணு சுவாசம் பற்றி உயிரியலில் படிக்கிறீர்கள் அல்லவா? அது இங்கே வேலைக்கு வருகிறது.

முதல் வழி, தசையில் ஏற்கெனவே சேமித்து வைத்த கிரியேட்டின் பாஸ்பேட். உடனே ஆற்றல் தரும், ஆனால் முழு வேகத்தில் பத்து வினாடி அளவிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். போட்டியின் முதல் சில இழுப்புகள் இதில்தான் நடக்கின்றன.

இரண்டாவது வழி, உயிர்வளி எனப்படும் ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோசை உடைப்பது. இதுவும் விரைவானது. ஆனால் லாக்டேட்டும் ஹைட்ரஜன் அயனிகளும் சேரச் சேரத் தசை எரிவது போல இருக்கும், இழுப்பு தளரும்.

மூன்றாவது வழி, உயிர்வளியைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாக்குவது. மெதுவாகத் தொடங்கும், நெடுநேரம் நிற்கும்.

ஆறு முதல் எட்டு நிமிடம் நீடிக்கும் 2000 மீட்டர் போட்டியில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆற்றல் மூன்றாவது வழியில்தான் வருகிறது. பார்ப்பதற்கு அது வேகப் போட்டி. உள்ளே நடப்பது பெரும்பாலும் உயிர்வளிப் போட்டி. அதனால் வாரம் முழுவதும் மூச்சு வாங்கும் வேகச் சுற்றுகள் மட்டும் போதா. பேசிக்கொண்டே இழுக்கக்கூடிய நிதானமான பயிற்சிதான் அடித்தளம்.

இடைவெளிக்கு ஏன் அந்தப் பெயர்?

கடுமையான சுற்று, பிறகு ஓய்வு, மறுபடி சுற்று. இதற்கு இடைவெளிப் பயிற்சி என்று பெயர். 1930-களில் ஜெர்மனியில் பயிற்றுநர் வோல்டமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டெல்லும் இதை முறைப்படுத்தினார்கள். ஓட்டத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏற வேண்டும், அது 120-க்கு இறங்கிய பிறகே அடுத்த சுற்று. இதயம் வலுப்பெறுவது அந்த ஓய்வில்தான் என்று அவர்கள் கருதினார்கள். பயிற்சிக்கு ஓட்டத்தின் பெயரை வைக்காமல் இடைவெளியின் பெயரை வைத்ததைக் கவனியுங்கள். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அந்த உலகச் சாதனை 1955 வரை நிலைத்தது.

இங்கே இரண்டு விதமான ஓய்வைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுற்றுகளுக்கு இடையிலான ஓய்வு நிமிடக் கணக்கு. கிரியேட்டின் பாஸ்பேட் பாதி மீள அரை நிமிடம் போதும், ஏறத்தாழ முழுதும் மீள மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். ஓய்வில் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தால் லாக்டேட்டும் விரைவாகக் குறையும்.

பயிற்சி நாள்களுக்கு இடையிலான ஓய்வு நாள் கணக்கு. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் மறுபடி நிரம்ப ஒரு நாள் அளவாகும், சில வேளை அதற்கும் மேல். தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதம் சீராக இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். மறுநாள் வரும் உடல்வலிக்குக் காரணம் இந்தச் சேதம்தான். லாக்டிக் அமிலம் தங்கிவிட்டது என்று பலர் சொல்வது தவறு, அது ஒரு மணி நேர அளவில் அகன்றுவிடும்.

முதல் ஓய்வை நான் கடிகாரம் பார்த்துக் கொடுத்தேன். இரண்டாவதை மறந்தேன்.

கடைசி இரண்டு வாரம்

போட்டிக்கு முன்னால் பயிற்சியின் அளவை மட்டும் குறைத்து, வேகத்தைக் குறைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். தாங்குதிறன் விளையாட்டுகளில், இரண்டு வார அளவுக்கு மொத்தப் பயிற்சியை ஏறத்தாழ பாதியாகக் குறைப்பது நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அளவைக் குறைத்தால் களைப்பு நீங்கும். வேகத்தை விடாமல் வைத்திருந்தால் உடல் போட்டி வேகத்தை மறக்காது. ஒன்றுமே செய்யாமல் படுத்திருப்பதும் தவறு, கடைசி நாள் வரை அடித்துப் பிடிப்பதும் தவறு.

ஏற்கெனவே சில மாதங்கள் பயிற்சி செய்தவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. போட்டி சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம்.

*முந்தைய வாரம்*
- திங்கள்: ஓய்வு
- செவ்வாய்: 500 மீட்டர் ஆறு சுற்று, போட்டி வேகம், இடையில் 3 நிமிடம்
- புதன்: 30 நிமிடம் நிதானமாக
- வியாழன்: ஓய்வு
- வெள்ளி: 1000 மீட்டர் மூன்று சுற்று, போட்டி வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக, இடையில் 5 நிமிடம்
- சனி: 30 நிமிடம் நிதானமாக
- ஞாயிறு: ஓய்வு

*போட்டி வாரம்*
- திங்கள்: 20 நிமிடம் நிதானமாக
- செவ்வாய்: 500 மீட்டர் நான்கு சுற்று, போட்டி வேகம், இடையில் 4 நிமிடம்
- புதன்: ஓய்வு
- வியாழன்: 15 நிமிடம் நிதானமாக, நடுவில் மூன்று முறை பத்துப் பத்து வேக இழுப்பு
- வெள்ளி: ஓய்வு
- சனி: போட்டி

கடினமான இரண்டு நாள்கள் அடுத்தடுத்து வரவே இல்லை என்பதைப் பாருங்கள். ஒன்றுவிட்டு வெட்டும் அதே விதி.

விசிறியின் காற்றுத் திறப்பை 10-இல் வைத்தால்தான் வேகம் வரும் என்றும் நினைக்க வேண்டாம். சக்கரத்தின் தடையைக் கணினி தானே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 5 வரை போதும்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

உங்கள் வயதில் நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இதுவும் பயிற்சியில் சேர்ந்ததே. சோறு, கிழங்கு, பழம் ஆகியவற்றைக் குறைக்காதீர்கள், கிளைக்கோஜன் அவற்றிலிருந்துதான் வருகிறது. நம் ஊர் வெப்பத்தில் மண்டபத்துக்குள்ளும் வியர்வை கொட்டும், தண்ணீர் அருந்துங்கள். காய்ச்சல் இருந்தால் பயிற்சி கூடாது. நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி ஆசிரியரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

இதற்கு இயந்திரம் தேவையில்லை. ஒரு வாரம் காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், மணிக்கட்டில் நாடித்துடிப்பை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கி எழுதுங்கள். கடும் பயிற்சிக்கு மறுநாள் என்ன எண், ஓய்வுக்கு மறுநாள் என்ன எண் என்று ஒப்பிடுங்கள். பல நாள் தொடர்ந்து வழக்கத்தைவிடக் கூடியிருந்து, தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், மரம் இன்னும் ஊறவில்லை என்று பொருள். அன்று வெட்டாதீர்கள்.

சிந்திக்க

1. 2000 மீட்டரை 8 நிமிடம் 20 வினாடியில் முடித்தவரின் சராசரி ஆற்றல் எத்தனை வாட்?
2. சுற்றுகளுக்கு இடையில் 3 நிமிடத்துக்குப் பதில் 30 வினாடி மட்டும் ஓய்வு தந்தால், கடைசிச் சுற்றுகளின் வேகம் என்னவாகும்? ஏன்?
3. போட்டிக்கு முதல் நாள் "ஒரு முறை முழுத் தூரமும் போட்டுப் பார்க்கிறேன்" என்று உங்கள் தோழி சொன்னால் என்ன சொல்வீர்கள்?

முதல் கேள்விக்கு விடை: 179 வாட்.

மூன்றாவது கேள்விக்கு என் மாணவன் எப்போதோ விடை சொல்லிவிட்டான். அடுத்த போட்டிக்கு முன் வெள்ளிக்கிழமை அவனை இயந்திர அறையில் தேடினேன், காணவில்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தானாம். மறுநாள் அவன் எடுத்த நேரம் 7 நிமிடம் 47 வினாடி.