மறந்த காதல் மீளுமா?

கேள்வி: ‘மூன்றாம் பிறை’யில் வருவதுபோல, நினைவு திரும்பியதும் நேசித்தவரை மறப்பது நிஜத்தில் நடக்குமா?
– வாசகர், போத்தனூர்

பதில்: பாலுமகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982), கேத்தி ரயில் நிலையத்தில் முடிகிறது. தலையில் பானையுடன் நாயகன் ஆடிக்காட்டியும், நினைவு திரும்பிய நாயகிக்கு அவனைத் தெரியவில்லை.

தலைக்காயத்தால் வரும் மறதியில் பெரும்பாலும் அண்மை நினைவுகளே அழியும், பழையவை தங்கும். இழந்தவை மெல்ல மீளலாம். விபத்தையொட்டிய சிறு பொழுது மட்டும் பலருக்குத் திரும்புவதில்லை. பழைய நினைவு வந்ததும் மறதியில் கழிந்த இடைக்காலம் முழுவதும் துடைத்தெறியப்படுவது மிக அரிது. அது பெரிதும் சினிமா வசதி.

பாசத்தின் தடம் ஆழமானது. பிரிட்டன் இசைக்கலைஞர் கிளைவ் வேரிங், 1985இல் மூளை அழற்சியால் நினைவாற்றலை இழந்தார். சில நொடிகளுக்கு மேல் எதுவும் நிற்காத நிலையிலும், மனைவி டெபோராவைக் காணும்போதெல்லாம் நெடுநாள் பிரிந்தவர்போல் கட்டித் தழுவினார்.