குளத்து மீன்கள் விடியலில் மாள்வது ஏன்?

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையை அடுத்த வடக்கனந்தல் வட்டாரத்தில் குளங்களில் மீன் வளர்ப்போர், ஒரே இரவில் மீன்கள் செத்து மிதக்கக் கண்டால் யாரேனும் விஷமிட்டனரோ என ஐயுறுவது இயல்பே. வீண்பகை விளையுமுன் நீரின் தன்மையை அறிதல் நலம்.

பகலில் நுண்பாசிகள் சூரிய ஒளியால் கரியமில வாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளியிடுகின்றன. ஆகவே மாலையில் பிராணவாயு மிகும். நீரில் காரத்தன்மையும் ஏறும். இரவிலோ பாசி, மீன், அழுகும் சேறு ஆகிய யாவும் பிராணவாயுவைச் செலவிடுகின்றன. விடியற்காலையில் அது மிகக் குறைந்துவிடும். பாசி அடர்ந்து, வானமும் மூடியிருப்பின் அபாயம் அதிகம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் பிராணவாயு இருத்தல் நன்று. 3-க்குக் கீழ் இறங்கலாகாது.

விடியலில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய்திறந்து திணறுவதும், பெரிய மீன்கள் முதலில் மாள்வதும் பிராணவாயுக் குறைவின் அறிகுறிகள். விஷமாயின் எந்நேரத்திலும், சிறியவை பெரியவை என்ற பேதமின்றி மாளக்கூடும்.

உடனே செய்ய வேண்டுவன:

1. தீவனத்தையும் சாண உரத்தையும் நிறுத்துக.
2. புதுநீர் பாய்ச்சுக, இயலாவிடில் குளத்து நீரையே பம்பினால் வாரியிறைத்துக் காற்றோடு கலக்கச் செய்க.

மிஞ்சிய தீவனமும் மீன்கழிவும் அம்மோனியாவாக மாறும். காரம் மிகுந்த பிற்பகலில் அதன் நச்சு கூடும். எனவே பி.எச். அளவு 8.5-ஐத் தாண்டிய குளத்தில் சுண்ணாம்பு இடலாகாது.

குளத்தைக் குத்தகைக்கு விடும் பஞ்சாயத்துகள் பி.எச். சோதனைத் தாளும் குறிப்பேடும் வைத்து, விடியலிலும் மாலையிலும் அளவைக் குறித்து வருமாயின் நஷ்டமும் வழக்கும் பெரிதும் குறையும்.