இம்மாதச் சொல்: ஜக்கர்நாட்

பிஸ்கட்டவேயில் வளரும் நம் பிள்ளைகளிடம் "ஜக்கர்நாட்" என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 1965ல் எக்ஸ்-மென் சித்திரக்கதையில் அறிமுகமான, சுவரையும் இடித்துக்கொண்டு ஓடும் முரடனைச் சொல்வார்கள். அகராதிப் பொருளும் ஏறக்குறைய அதுதான்: எதிர்ப்பட்டதை நசுக்கிக்கொண்டு, யார் தடுத்தும் நில்லாமல் போகும் சக்தி. தோல்வியே காணாத ஃபுட்பால் அணியும் ஜக்கர்நாட். சிறு கடைகளை விழுங்கி வளரும் கம்பெனியும் ஜக்கர்நாட். இங்கிலாந்தில் பெரிய சரக்கு லாரியையும் அப்படிச் சொல்வதுண்டு.

சொல்லைச் சற்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், பூரி ஜகந்நாதர் தெரிவார்!

பக்தர்கள் தேர்ச்சக்கரத்தில் தாமே விழுந்து உயிர் விடுகிறார்கள் என்று ஐரோப்பியப் பயணிகள் எழுதி வந்தார்கள். 1330ல் ஒடோரிக் என்ற இத்தாலியப் பாதிரியார் சொல்லி எழுதவைத்த குறிப்பிலேயே இந்தக் கதை இருக்கிறது. அவர் சொன்ன தேர் பூரியில் ஓடியதன்று. சோழமண்டலக் கரையில், நம் ஊர்ப் பக்கம் ஓடியது. பிறகு 1806ல் பூரிக்குச் சென்ற கிளாடியஸ் புக்கானன் என்ற பாதிரியாரின் புத்தகம் 1811ல் வெளிவந்து, கதையை இங்கிலாந்து முழுவதும் பரப்பியது. அந்தச் சாவுகள் பெரும்பாலும் நெரிசலில் நேர்ந்த விபத்துகளே, தற்கொலை வைணவ நெறிக்கே விரோதம் என்று 1872ல் ஹண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதினார். எழுதி என்ன? சொல் அதற்குள் நிலைத்துவிட்டது.

தேரில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சை அருகே களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டார்கள். ஆனால் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், தேரைக் கிளப்புவதே பெரும்பாடு. திருவாரூர் ஆழித்தேரைப் பின்னாலிருந்து உந்த புல்டோசரே வருகிறது. கிளம்பிய தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தோடு கூடவே ஆட்கள் முட்டுக்கட்டையுடன் நடப்பார்கள். அருகில் நின்று பார்த்தால் நமக்கே நெஞ்சு படபடக்கும். அவர்கள் நிதானமாகக் கட்டையைச் செருகுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்துக்குப் போனது நசுக்கும் தேர். தமிழ்ப் பேச்சில் தங்கியது அதை நிறுத்தும் கட்டை. "கல்யாணப் பேச்சுக்கு முட்டுக்கட்டை போடாதே" என்கிறோமே, அது தேரடியிலிருந்து வந்ததுதான்.

பிள்ளைகள் பள்ளிக் கட்டுரையில் இச்சொல்லை எழுதினால் தடுக்க வேண்டாம். ஆங்கிலத்தில் அது முறையான சொல்லே. சாமி பெயர் ஆயிற்றே என்று தலையெழுத்தைப் பெரிதாகப் போடவும் வேண்டாம், பொதுச்சொல்லாக எழுதும்போது சிறிய எழுத்துதான். ஸ்பெல்லிங்கில் நடுவே இரண்டு "ஜி", கடைசியில் "ஏ, யு, டி". அழுத்தம் முதல் அசையில்.