வட்டில் விழுந்த வடு

நுழையும்முன்

ஒரு பொருள் பழுதானால் அதனைச் செய்தவரிடம் முறையிடுகிறோம். அப்பொருள் தான் கெடாமல், தன்னுள் வைக்கப்பட்ட மற்றொரு பொருளைக் கெடுத்தால் யாரிடம் முறையிடுவது? காணொளி விளையாட்டுக் கருவி ஒன்றைப் பற்றி எழுந்த இவ்வினா, அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அதன் அறிவியலையும் அறத்தையும் இப்பாடம் ஆராய்கிறது.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் விளையாட்டுக் கருவி, 2005ஆம் ஆண்டு நவம்பர் 22 அன்று வட அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியுடன் இணைத்து, டிவிடி வட்டில் வரும் விளையாட்டை உள்ளே இட்டு விளையாடுவதற்கான கருவி அது. அதன் விலை, வகைக்கேற்ப 299 அல்லது 399 டாலர். புதிய விளையாட்டு வட்டு ஒன்றின் விலை ஏறத்தாழ 60 டாலர். ஏழு வட்டுகள் வாங்கினால் கருவியின் விலையைக் கடந்துவிடும். ஆகவே, வட்டுகளை வெறும் துணைப்பொருள்கள் என்று ஒதுக்கிவிட இயலாது. பலருடைய வீடுகளில் கருவியைவிட வட்டுகளே பெருஞ்செல்வமாக இருந்தன.

விளையாடிக்கொண்டிருக்கும்போதே விளையாட்டு நின்றுபோவதாகவும், வட்டை எடுத்துப் பார்த்தால் அதன் அடிப்பரப்பில் கீறல் விழுந்திருப்பதாகவும் வாங்கியோர் முறையிடத் தொடங்கினர். அக்கீறலின் வடிவம் கருதத்தக்கது. கைதவறிக் கீழே விழுந்த வட்டில் கீறல்கள் தாறுமாறாக இருக்கும். இதுவோ கவராயம் கொண்டு வரைந்தாற்போன்ற சீரான வட்டக்கோடு. சுழன்றுகொண்டிருந்தபோதுதான் வட்டு உராய்ந்தது என்பதற்கு அவ்வடிவமே சான்று.

சுழலும் வட்டும் சாயும் பெட்டியும்

டிவிடி வட்டின் விட்டம் 12 செ.மீ.; தடிமன் 1.2 மி.மீ. 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு நெகிழித் தகடுகளை ஒட்டி அதனை உருவாக்குவர். தகவல் பதிந்த அடுக்கு அவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது. வட்டின் கீழே, அதனைத் தொடாமல் மிக நெருங்கி நிற்கும் வில்லையின் வழியாக லேசர் ஒளி மேலே சென்று, தகவலைப் படித்துத் திரும்புகிறது. வட்டின் நடுப்பகுதியைக் காந்த விசையால் இயங்கும் பிடிப்பான் ஒன்று பற்றியிருக்கும். அந்நிலையில் வட்டு நிமிடத்திற்குப் பல ஆயிரம் முறை சுழல்கிறது.

பம்பரம் சுழலும்வரை சாயாமல் நிற்பதை அறிவோம். வேகமாகச் சுழலும் எப்பொருளும் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. வட்டும் ஒரு பம்பரமே. அது சுழலும்போது கருவியைச் செங்குத்து நிலையிலிருந்து கிடைநிலைக்குச் சாய்த்தால், பெட்டி திரும்புகிறது. உள்ளிருக்கும் வட்டு உடனே திரும்ப மறுக்கிறது. பிடிப்பானின் விசை போதாதபோது வட்டு தன் இருக்கையில் சற்றுச் சரிகிறது. இடைவெளியோ மிகக் குறுகியது. அடியிலுள்ள வில்லைப் பகுதியில் வட்டு உராய்கிறது. ஒரே இடத்தில் நிற்கும் பொருளின்மீது சுழலும் வட்டு உராய்ந்தால் கீறல் வட்டமாகத்தானே அமையும்!

தகவல் உள்ளே பாதுகாப்பாக இருக்க, மேற்பரப்பில் விழும் கீறல் எவ்வாறு வட்டைப் பாழாக்குகிறது? கீறிய நெகிழியில் ஒளி சிதறுகிறது. அதனால் உள்ளிருப்பதைப் படிக்க முடிவதில்லை. சிறு இழப்புகளை ஈடுசெய்யத் திருத்தக் குறிமுறைகள் வட்டிலேயே பதியப்பட்டுள்ளன. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் செல்லும் கீறல், தகவல் தடம் ஒவ்வொன்றையும் ஒரு சிறு புள்ளியில் மட்டுமே வெட்டுகிறது. வட்டக் கீறலோ தடத்தின் வழியே நெடுந்தொலைவு சென்று, தொடர்ச்சியான தகவலை மறைத்துவிடுகிறது. வட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து வெளிநோக்கி நேராகத் துடைக்கச் சொல்வதும் இதனால்தான். மேலும், படியெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு இருந்தமையால், வாங்கியவர் மாற்றுப்படி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை.

யார் பொறுப்பு?

கருவியை நகர்த்துவதற்கும் சாய்ப்பதற்கும் முன்னர் வட்டை வெளியே எடுத்துவிடுமாறு பயன்பாட்டுக் கையேடு கூறியது. அவ்வாறாயின் அறிவுரையை மீறியவரே பொறுப்பு என்னும் வாதம் முதற்பார்வைக்கு நேர்மையானதாகவே தோன்றும். ஆனால், இக்கருவி நிற்கவும் படுக்கவும் ஏற்ற வகையில் வடிவமைக்கப்பட்டது. சிறுவர்கள் நடமாடும் கூடத்தில் வைக்கப்படுவது. யாரேனும் ஒருவர் அதனைத் தட்டுவதோ நகர்த்துவதோ எதிர்பாராத நிகழ்ச்சியன்று. எதிர்பார்க்கத்தக்க பிழையைப் பொறுத்துக்கொள்ளும் வகையில் பொருளை அமைப்பது வடிவமைப்பாளரின் கடமை இல்லையா?

2008ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான வழக்கு ஆவணங்கள் இவ்வினாவிற்குக் கூர்மை சேர்த்தன. வட்டுகள் கீறப்படுவதைக் கருவி விற்பனைக்கு வருமுன்னரே தம் குழுவினர் அறிந்திருந்ததாக, நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் வாக்குமூலம் அளித்திருந்தார். மூன்று தீர்வுகள் ஆராயப்பட்டன. பிடிப்பானின் காந்த விசையைக் கூட்டலாம். அது வட்டுத்தட்டு திறந்து மூடுவதற்கு இடையூறாகலாம் எனக் கைவிடப்பட்டது. சுழற்சி வேகத்தைக் குறைக்கலாம். விளையாட்டு தொடங்கக் காலம் நீளும் என்று அதுவும் விலக்கப்பட்டது. வட்டு உராயாதவாறு சிறு தாங்கிகளைப் பொருத்தலாம், அதற்கு 3.5 கோடி முதல் 7.5 கோடி டாலர்வரை செலவாகும் என்று அதுவும் ஏற்கப்படவில்லை. 2008 ஏப்ரல் இறுதிக்குள் ஏறத்தாழ 55,000 முறையீடுகள் வந்திருந்ததையும் அவ்வாவணங்கள் காட்டின.

தாங்கி பொருத்தாமையால் அச்செலவு இல்லாமற்போய்விடவில்லை; வட்டு வாங்கியவரின் கணக்கிற்கு மாறியது, அவ்வளவே. ஒருவர் அறியாமல் செய்த குறைக்கும், அறிந்து கணக்கிட்டபின் விட்டுவைத்த குறைக்கும் வேறுபாடு உண்டு. பின்னதைப் பயன்படுத்துவோரின் கவனக்குறைவு என்று மட்டும் கூறிக் கடந்துவிட இயலாது.

இதே கருவியில் எழுந்த மற்றொரு பழுதை நிறுவனம் கையாண்ட விதம் ஒப்புநோக்கத்தக்கது. முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் ஒளிர்ந்து கருவி முற்றிலும் செயலிழந்துபோகும் பழுது அது. 2007 ஜூலையில் அதற்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்த நிறுவனம், 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட செலவைத் தானே ஏற்றது. வட்டுக் கீறலுக்கோ, தான் வெளியிட்ட விளையாட்டுகளுக்கு மட்டும் 20 டாலர் பெற்றுக்கொண்டு மாற்று வட்டு தரும் ஏற்பாடே இருந்தது. செயலிழந்த கருவி தன் பழுதைத் தானே காட்டிவிடுகிறது. வட்டைக் கீறிய கருவியோ அடுத்த வட்டைப் பழுதின்றி இயக்குகிறது. கீறல் எவ்வாறு விழுந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை வட்டை இழந்தவர்மேல் விழுகிறது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளால் விளையும் தீங்கிற்கான பொறுப்பைத் தனி இயலில் கூறுகிறது. உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராமை ஆகியவற்றிற்கு உற்பத்தியாளர் பொறுப்பாவார். அப்பொருளைத் தவிர்த்த பிற உடைமைக்கு நேரும் சேதமும் தீங்கு என்பதில் அடங்கும்.

வழக்கு சென்ற வழி

60 டாலர் வட்டுக்காகத் தனியொருவர் பெருநிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தால் வழக்கறிஞர் கட்டணத்திற்கே அது போதாது. பாதிக்கப்பட்டோர் அனைவர் சார்பிலும் சிலர் தொடரும் குழு வழக்கே இத்தகைய சிறு இழப்புகளுக்கு உரிய வழி. ஆனால், ஒவ்வொருவரின் வட்டும் எவ்வாறு கீறப்பட்டது என்பதைத் தனித்தனியே ஆராய வேண்டியிருக்கும் என்று கூறி, 2009இல் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் குழு வழக்கை ஏற்க மறுத்தது.

2011இல் வேறு சிலர் மீண்டும் வழக்குத் தொடுத்தனர். அதற்கு முந்தைய ஆண்டில், சக்கர அமைப்பின் குறையால் டயர்கள் விரைவில் தேய்ந்தன என்று லேண்ட் ரோவர் மகிழுந்து வாங்கியோர் தொடர்ந்த வழக்கில், குழுவாக வழக்காடுவதற்கு ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையில்லை என்றிருந்தது. மகிழுந்து டயரைத் தேய்ப்பதும் கருவி வட்டைக் கீறுவதும் ஒரே வகையின அல்லவா? எனினும், மாவட்ட நீதிமன்றம் 2012இல் பழைய முடிவையே பின்பற்றியது. கீறலைப் பற்றி முறையிட்டவர்கள் கருவி வாங்கியோரில் 0.4 விழுக்காட்டினரே என்பதும், தவறான பயன்பாடு காரணமாக இருந்திருக்கலாம் என்பதும் அம்முடிவின் அடிப்படைகள். இங்கு ஒன்றைச் சுட்ட வேண்டும்: 0.4 விழுக்காடு என்பது முறையிட்டவர்களின் கணக்கு. முறையிடாமல் வேறு வட்டு வாங்கிக்கொண்டவர்கள் அதில் இல்லை.

குழு வழக்கு மறுக்கப்பட்டதை உடனே மேல்முறையீடு செய்ய நீதிமன்றத்தின் இசைவு வேண்டும், அது கிடைக்கவில்லை. ஆகவே, வழக்காடியோர் தம் வழக்கைத் தாமே மீண்டும் தொடர முடியாதவாறு கைவிட்டு, அதனை இறுதித் தீர்ப்பாகக் காட்டி மேல்முறையீடு செய்தனர். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மைக்ரோசாப்ட் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2017 ஜூன் 12 அன்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தீர்ப்பை எழுதினார். தாமே கைவிட்ட வழக்கை இவ்வாறு மேல்முறையீடு செய்ய இடமில்லை. இவ்வழி வழக்காடுவோருக்கு மட்டுமே பயன்பட்டு எதிர்த்தரப்பினருக்குக் கிட்டாது என்பது அத்தீர்ப்பின் சாரம். விசாரித்த எட்டு நீதிபதிகளும் முடிவில் ஒன்றுபட்டனர்; காரணத்தில் மூவர் வேறுபட்டனர்.

வட்டைக் கீறியது வடிவமைப்பா, கருவியை அசைத்த கையா என்பதைப் பற்றி அத்தீர்ப்பு எதுவும் முடிவு செய்யவில்லை.

கற்பவை கற்றபின்

கையேட்டில் எச்சரிக்கை அச்சிட்டதோடு உற்பத்தியாளரின் கடமை நிறைவுறுமா? இரு குழுக்களாகப் பிரிந்து வழக்காடுமன்றம் நிகழ்த்துக.

உங்கள் வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு மின்கருவியின் கையேட்டைப் படித்து, அதிலுள்ள எச்சரிக்கைகளுள் அன்றாடப் பயன்பாட்டில் பின்பற்ற இயலாதவற்றைக் காரணத்துடன் எழுதுக.