வண்டியை இழுத்துப் போய்விட்டார்களா?

கம்பைநல்லூர் கடைவீதியில் வழியை மறித்து நின்ற வண்டியைப் போலீஸ் இழுத்துப் போனால், இழுவைக் கூலி உரிமையாளர் தலையில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவு அப்படி. உள்ளேயிருக்கும் மாத்திரை, பத்திரம், பிள்ளையின் புத்தகப்பை உங்களுடையவை. ஆர்.சி., ஆதார் நகலோடு, பொருள்களைப் பட்டியலிட்டு நிலைய அதிகாரியிடம் மனு கொடுங்கள். மனுவின் நகலில் தேதியிட்டுக் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள். வாய்ப்பேச்சு நாளைக்கு நிற்காது. பொருளை எடுக்கும்போதே போட்டோ பிடித்துவிடுங்கள்.

வழக்கில் பறிமுதல் என்றால் கதை வேறு. நீதித்துறை நடுவரிடம்தான் மனு போக வேண்டும். வண்டிகளை நிலைய வாசலில் நெடுநாள் துருப்பிடிக்க விடக் கூடாது என்று 2002-லேயே, சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடச் சொல்லுங்கள் வக்கீலிடம்.