ஒலியின் வழியே மௌனத்துக்கு

பூசை முடிந்து அன்னதானத்துக்காகக் காத்திருந்த ஒரு வேளையில், இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளை ஒருவர் எம்மிடம் கேட்டார்: "பாடசாலையில் தியானம் என்றால் அமைதியாக இருக்கச் சொல்கிறார்கள். எங்கள் கோயிலில் மட்டும் ஏன் மாமா இவ்வளவு சத்தம்?" மணி, மேளம், சங்கு எல்லாம் ஒன்றாக ஒலித்து அப்போதுதான் ஓய்ந்திருந்தன. கேள்வி நியாயமானது. அதற்கான விடையைச் சுருக்கமாக நோக்குவோம்.

சைவ சித்தாந்தம் வாக்கை நான்காக வகுக்கின்றது. பிறர் காதில் விழும்படி வாய்விட்டுப் பேசுவது வைகரி. வாய் திறவாமல் நெஞ்சுக்குள் சொற்களாக ஓடுவது மத்திமை. மயில் முட்டையின் நீருக்குள் மயிலின் நிறங்கள் எல்லாம் அடங்கியிருப்பது போல, சொற்கள் இன்னும் பிரியாமல் இருக்கும் நிலை பைசந்தி. அதற்கும் உள்ளே மூலமாக நிற்பது சூக்குமை. நாம் பேசும்போது ஒலி இப்படிகளைக் கடந்து உள்ளிருந்து வெளியே வருகின்றது. தியானத்தில் அதே படிகளில் வெளியிலிருந்து உள்ளே இறங்குகின்றோம். ஆகவே கோயில் மணியை அதன் முதற்படி எனக் கொள்ளலாம்.

இறுதிப் படியைக் காட்டும் ஆலயங்களும் எமது மண்ணில் உண்டு. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்கின்றார். கதிர்காமத்திலும் கப்புறாளைமார் வாய்கட்டியே பூசை செய்வர். கொழும்புத்துறையில் குடிலில் வாழ்ந்து 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகளும் தம்மை நாடி வந்தோருக்குச் சும்மா இருத்தலையே வலியுறுத்தினார்.

ஆனால் சும்மா இருப்பது எம்போன்றவர்களுக்கு எளிதன்று. இதை ஒளிக்காமல் எழுதுகின்றோம். ஊரில், செல் புறப்படும் சத்தம் தூரத்தில் கேட்கும். அது விழுந்து வெடிக்கும் வரை ஒரு மௌனம். அந்த மௌனத்தில் மூச்சை அடக்கி எண்ணிக்கொண்டிருப்போம். 1995 ஒக்டோபர் 30 இரவு, சனத்தோடு சனமாக வலிகாமத்தை விட்டு நடந்தபோது நாம் பாடசாலை மாணவர். 2010இல் அகதியாகக் கனடா வந்தோம். முதற்பனி பெய்த இரவு வீதி முழுவதும் ஓசையற்றுக் கிடந்தது. நாம் திடுக்கிட்டு விழித்து, பழையபடி எண்ணத் தொடங்கினோம். பின்னொரு நாள் தியான வகுப்பொன்றில் கண்ணை மூடச் சொன்னார்கள். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டோம்.

வெளியே செருப்பு வைக்கும் இடத்தில் நின்ற எம்மிடம் பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, மௌனத்தைத் தேட வேண்டாம். மணியை அடித்துவிட்டு அந்த நாதத்துக்குப் பின்னாலே போம்" என்றார். அன்றிரவு வீட்டில் கைமணியை ஒருமுறை அடித்தோம். அதன் நாதம் மெலிந்து மெலிந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் ஓய்ந்தது. அதன்பின் வந்த மௌனத்தில் எதுவும் வந்து விழவில்லை.

வீட்டில் செய்யக்கூடிய முறை வருமாறு. ஒருவர் மெதுவாக வாசிக்க, ஏனையோர் கேட்டுச் செய்யலாம்.

1. சுவாமி அறையில் விளக்கேற்றி, நிலத்திலோ கதிரையிலோ முதுகு நிமிர்ந்து இருக்க. புகைக்கு அலாரம் கத்தும் வீடுகளில் மின்விளக்குப் போதும். கண்ணை மூட அச்சமாயின் சுடரைப் பார்த்தபடி இருக்கலாம்.

2. மணியை ஒருமுறை அடித்து, நாதம் ஓயும் வரை கேட்க. மும்முறை செய்க.

3. தீட்சை பெற்றவர்கள் திருவைந்தெழுத்தைக் குரு உபதேசித்தவாறும், ஏனையோர் 'சிவசிவ' என்றோ இட்டதெய்வத்தின் பெயரையோ, சில நிமிடம் வாய்விட்டுச் சொல்க.

4. குரலைக் குறைத்து, உதடு மட்டும் அசையச் சொல்க.

5. உதடும் அசையாமல் மனதுக்குள் சொல்க. இதுவே மானசம்.

6. அதையும் விட்டு, ஒரு நிமிடம் இருக்க. பயமோ கலக்கமோ எழுந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புக. அதில் குறைவொன்றும் இல்லை.

7. முடிவில் மீண்டும் மணி அடித்து, திருநீறு அணிந்து எழுக.

மூச்சை இயல்பாக விடுக. திருமூலர் திருமந்திரத்தில் மூச்சை உள்ளிழுக்க 16, நிறுத்த 64, வெளிவிட 32 மாத்திரை என அளவு கூறியுள்ளார். அது குருவிடம் நேரே பயில வேண்டியது. புத்தகத்தைப் பார்த்து முயல்வது கூடாது.

இன்னொன்று. நாம் தொழிலால் கணக்காளர். ஆரம்பத்தில் நாளுக்கு எத்தனை உரு என்று கொப்பியில் எழுதி வந்தோம். மாத முடிவில் கூட்டியபோது தொகை பெரிதாக இருந்தது. மனமோ இருந்த இடத்திலேயே இருந்தது. செல்லுக்கு எண்ணிய அதே பழக்கத்தில்தான் செபத்தையும் எண்ணியிருக்கின்றோம் என்பது அப்போது விளங்கியது. கொப்பியை மூடிவிட்டோம்.

தியானம் மருந்துக்கு மாற்றீடு அன்று. நித்திரையின்மையும் பழைய நினைவுகளும் விடாது வருத்துமாயின் வைத்தியரிடம் செல்ல வெட்கப்படக் கூடாது. நாமும் சென்றோம். இரண்டும் எமக்கு உதவின.

கேள்வி கேட்ட பிள்ளையிடம் அடுத்த பூசையின்போது, மணி ஓய்ந்த பிறகும் சற்றுக் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னோம். "இன்னும் கேட்கிற மாதிரி இருக்கு மாமா" என்றார். அங்கிருந்து தொடங்கலாம். இவ்வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து நிமிடம் முயன்று பார்ப்போமாக. எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பாராக.