ரமலானுக்காகக் காத்திருக்கும் ஜகாத்

நம்பிக்கை: தொழுகையும் நோன்பும்தான் முக்கியம், ஜகாத் என்பது வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுக்கும் தர்மம்.

உண்மை: ஐம்பெரும் கடமைகளை வரிசையாகச் சொல்லும் நபிமொழியை இப்னு உமர் (ரலி) அறிவித்திருக்கிறார். புகாரியின் நபிமொழித் தொகுப்பில் ஹஜ் முந்தியும் நோன்பு பிந்தியும் வருகின்றன. முஸ்லிமின் தொகுப்பில் உள்ள ஓர் அறிவிப்பில் நோன்புக்குப் பிறகே ஹஜ். இடம் மாறுபவை இவை இரண்டுதான். கலிமா, தொழுகை, அடுத்து ஜகாத் என்ற வரிசை இரண்டிலும் அப்படியே நிற்கிறது. குர்ஆனும் தொழுகையைச் சொன்ன கையோடு ஜகாத்தைப் பல இடங்களில் சொல்கிறது. 632-இல் நபிகளார் மறைந்ததும் சில குலத்தார் ஜகாத் தர மறுத்தார்கள். தொழுகையையும் ஜகாத்தையும் பிரிப்பவர்களோடு போரிடுவேன் என்றார் முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி). முதலில் தயங்கிய உமரும் (ரலி) பிறகு அதை ஏற்றார். ஏழைக்குச் சேரவேண்டிய பாக்கியைத் தர்மம் என்று சொல்லிக் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது.

நம்பிக்கை: ஜகாத்துக்குரிய மாதம் ரமலான்.

உண்மை: நன்மை பெருகும் மாதம் என்று பலரும் ரமலானில் கொடுக்கிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் கணக்கு தொடங்குவது, செல்வம் நிஸாப் என்ற குறைந்தபட்ச அளவைத் தொட்ட நாளில். அன்றிலிருந்து ஒரு சந்திர ஆண்டு நிறைந்ததும் 2.5 சதவீதம் கடமையாகிவிடும். முஹர்ரமில் ஆண்டு நிறைந்தவர் ரமலான் வரை தள்ளிப்போட்டால், வாங்க வேண்டியவர் எட்டு மாதம் காத்திருக்கிறார். அந்த எட்டு மாதத்தில்தான் பள்ளிக்கூடக் கட்டணமும் மருத்துவச் செலவும் வருகின்றன. விளைச்சலுக்கோ ஆண்டுக்கணக்கே கிடையாது. அறுவடையானதும் வானம் பார்த்த பூமிக்குப் பத்தில் ஒரு பங்கு, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒரு பங்கு. பெருநாள் தொழுகைக்கு முன் கொடுக்கும் ஃபித்ரா இவற்றோடு சேராத தனிக் கடமை.

ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். அலமாரியும் தையல் மிஷினும் கணக்கில் வராது. அடுக்கில் இருக்கும் புடவைகள், கல்லாவிலும் வங்கியிலும் உள்ள பணம், கட்டாயம் வந்துவிடும் என்ற கடன் பாக்கி எல்லாம் வரும். மொத்தம் 10 லட்சம் என்றால் ஜகாத் 25,000 ரூபாய். கணக்கே பார்க்காமல் வாசலில் நிற்பவர்களுக்கு ஐம்பதும் நூறுமாகக் கொடுத்துக்கொண்டே போனால், அந்தத் தொகை போய்ச் சேர்ந்ததா என்று கடைக்காரருக்கே தெரியாது.

நம்பிக்கை: பெண்கள் போடும் நகைக்கு ஜகாத் இல்லை.

உண்மை: அது மத்ஹப் என்ற சட்டப்பிரிவைப் பொறுத்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பரவலாக உள்ள ஷாஃபி மத்ஹபில், அளவோடு அணியும் நகைக்கு இல்லை. ஹனஃபியில் உண்டு.

நம்பிக்கை: ஹஜ் செய்துவிட்டால் கடமைகள் நிறைவேறிவிட்டன.

உண்மை: ஹஜ் வாழ்நாளில் ஒருமுறை, அதுவும் சக்தி இருந்தால். அடுத்தடுத்த ஹஜ்ஜும் உம்ராவும் நஃபில் (விருப்ப வணக்கம்); நிஸாப் கையில் இருக்கும்வரை ஜகாத் ஆண்டுதோறும் ஃபர்ளு (கட்டாயக் கடமை). விட்டுப்போன ஆண்டுகளின் ஜகாத் காலாவதியாவதும் இல்லை. ஷாஃபி சட்டப்படி, கொடுக்காமல் இறந்தவரின் ஜகாத்தை, வாரிசுகள் சொத்தைப் பங்கு பிரிப்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.